பெட்டி மூடுகிற இடம்

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: அட்டைப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டுகிற சீட்டில் ஒரே ஜோடிக்கு இரண்டு எண் உண்டு. ஐரோப்பாவுக்கு முப்பத்தெட்டு, அமெரிக்காவுக்கு ஏழரை. கால் என்னவோ ஒன்றுதான். கடலுக்கு இந்தக் கரையில் ஓர் அளவு, அந்தக் கரையில் ஓர் அளவு. ஆம்பூரில் பதினான்கு வருஷமாக அந்தச் சீட்டையும் உள்ளே இருக்கிற தையலையும் பார்த்துப் பார்த்து முத்திரை குத்துகிறவள் ஜாஸ்மின். அவளிடம் போய் ஒரு வருஷத்துக்கு மூன்று கச்சேரிக்குத் திட்டம் போட்டுக் கொடு என்றால் வேறு எப்படிப் போடுவாள்?

பாலாறு ஆர்கெஸ்ட்ரா என்று பெயர் வைத்ததே ஒரு தொல்லை. நம் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கலர் விளக்கு போட்டு சினிமாப் பாட்டு பாடுவது. காதுகுத்துக்கு வருவீர்களா, எவ்வளவு வாங்குவீர்கள் என்று வாரத்துக்கு ஒரு போன் வரும். இவர்கள் அந்த ரகம் இல்லை. மொத்தம் முப்பத்தோரு பேர். சர்ச்சில் வயலின் வாசிக்கிறவர்கள், நர்ஸுகள், தோல் பதனிடுகிற டேனரியில் சாயம் கலக்குகிற ஒருவர், காட்பாடியில் படித்துக்கொண்டே செல்லோ வாசிக்கிற ஆஃப்ரீன், ஆம்பூர் பேண்டு செட்டிலிருந்து நான்கு பேர். நடத்துகிறவர் ஜோசுவா சார், வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். ஜாஸ்மின் இரண்டாம் வயலின். வேறு யாரும் கை தூக்காத ஒரு கூட்டத்தில் செயலாளராகவும் ஆகிவிட்டாள்.

ஷூ பேட்டர்ன் வெட்டி மிச்சமான ஓர் அட்டையின் பின்பக்கத்தில்தான் திட்டத்தை எழுதினாள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஐரோப்பா, வலது பக்கம் அமெரிக்கா. ஆகஸ்டில் ஹைடன், எதிரே ஸ்காட் ஜாப்ளின். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் காலை ஆட்ட வைக்கிறவர்கள். நவம்பரில் நார்வேக்காரர் க்ரீக், எதிரே அவருக்குத் தன் படைப்புகளைக் காணிக்கையாக்கிய அமெரிக்கர் மெக்டவல். பிப்ரவரிக்குத்தான் அவள் உயிரை வைத்திருந்தாள். துவோர்ஷாக் என்கிற செக் நாட்டுக் கசாப்புக்காரர் மகன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனார். அங்கே கறுப்பு மக்களின் பாட்டைக் கேட்டு மயங்கி, சொந்த ஊர் ஏக்கத்தையும் போட்டுக் குழைத்து ஒரு சிம்பொனி எழுதினார். நாற்பது வருஷம் கழித்து அதே சுதியில் தன் முதல் சிம்பொனியை எழுதினார் ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்கிற கறுப்பினப் பெண். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதி. ஒரே ஜோடி, இரண்டு எண். அட்டையைப் பார்த்த ஜோசுவா சார், "இதுல ஒண்ணையும் மாத்தாதீங்க ஜாஸ்மின்" என்றார். அவர் அவ்வளவு பேசுவதே அதிசயம்.

துவோர்ஷாக்கின் பகுதிக்கு உயிர் ஒரே ஒரு மெட்டு. அதை வாசிக்க வேண்டிய கருவியின் பெயர் கோர் ஆங்கிலே. நாகசுரத்துக்குத் தூரத்துச் சொந்தம். வேலூர் ஜில்லாவில் யாரிடமும் அது கிடையாது. அதனால் அந்த மெட்டு பேண்டு செட்டு பஞ்சாட்சரத்தின் கிளாரினெட்டுக்கு வந்தது.

இங்கேதான் ஜாஸ்மின் சந்தோஷப்பட்டாள், இங்கேயே தப்பும் செய்தாள். அந்த மெட்டை முதன்முதலில் போனில் போட்டுக் கேட்டபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அட, இது பெட்டிப் பாட்டு! வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் கிறிஸ்தவர் வீட்டுச் சாவில் பெட்டியை மூடும்போது பேண்டு செட்டுக்காரர்கள் வாசிக்கிற அதே பாட்டு. எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ, யாருக்கும் தெரியாது. வாசிக்கிறவர்களுக்குத் துவோர்ஷாக்கும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. பாட்டு மட்டும் தெரியும். இருபத்தாறு வருஷமாக இதையே வாசிக்கிற மனிதர் கைவசம் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நினைத்தாள்.

"பிப்ரவரி நோட்டீஸ்ல உங்க பேரு தனியா வரும்ணா" என்று அவரிடம் சொன்னாள். "கிளாரினெட்: பஞ்சாட்சரம். பெரிய எழுத்துல."

"எனக்கா?" என்றார் அவர். "பேண்டுக்காரரேன்னுதான்மா கூப்புடுவாங்க. பேரு இன்னான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல." சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலைப் பார்த்த பிறகு சொன்ன வாக்கிலிருந்து பின்வாங்க ஜாஸ்மினால் முடியாது.

வியாழக்கிழமை ஒத்திகையில் இடி விழுந்தது.

பஞ்சாட்சரம் ஆரம்பித்ததும் ஜோசுவா சாரின் பள்ளிக்கூட அறையில் ஒரு சத்தம் இல்லை. மெட்டு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. மூன்றாவது தடவை இன்னும் மேலே போக வேண்டிய இடத்தில் கிளாரினெட் நின்றது. கரண்டு போன மாதிரி நின்றது. வயலின்கள் மட்டும் அடியில் முனகிக்கொண்டிருந்தன.

"பரவாயில்ல, திரும்பப் போலாம்" என்றார் ஜோசுவா சார்.

திரும்பப் போனார்கள். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறையும் அங்கேயே. நோட்டில் மேற்கொண்டு பத்து வரி இருக்கிறது. பஞ்சாட்சரத்துக்கு நோட்டு படிக்கத் தெரியும், தனியாகக் கொடுத்தால் அந்தப் பத்து வரியையும் வாசிக்கிறார். ஆரம்பத்திலிருந்து வந்தால் அந்த இடத்தில் விரல் மூடிக்கொள்கிறது. நெற்றியில் வேர்வை. மற்ற மூன்று பேண்டுக்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இது போதாதென்று, இருதயராஜ் சாரின் போன் வந்தது. இவர் ஒரு டேனரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூரில் இவர்கள் கச்சேரி செய்யக் கேட்டிருந்த சர்ச் ஹாலுக்குக் கமிட்டித் தலைவர். மூன்று தேதிக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர். சர்ச்சில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று எல்லாவற்றையும் நடத்திக் கொடுக்கிறவரும் அவர்தான்.

"ஜாஸ்மின், நீ குடுத்த பேப்பர்ல 'ஆம்பூர் கிளாரினெட் கலைஞர்'னு போட்டிருக்க. பேண்டு செட்டு ஆளுன்னு போடலையே?"

ஜாஸ்மின் சோற்றுக் கையை டப்பாவிலிருந்து எடுத்தாள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருந்தாள். "பேண்டு செட்டுன்னா கலைஞர் இல்லையா சார்?"

"நான் அத சொல்லல. வாசிக்கப்போறது பெட்டிப் பாட்டுன்னு கேள்விப்பட்டேன். அந்த ஹால்ல கல்யாணம் நடக்குது, பேர் வைக்கிற விசேஷம் நடக்குது. அங்க கொண்டாந்து அத வாசிப்பீங்களா?"

"சார், அது பெரிய சிம்பொனி சார். உலகம் பூரா..."

"உலகத்த விடு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு ஹால்ல வாசிச்சுக் காட்டுங்க. கமிட்டி கேக்கட்டும். அவர் சரியில்லன்னா பெங்களூர்ல ஒருத்தர் இருக்காரு, நிஜமான கருவியே வச்சிருக்காரு, அவரக் கூப்புடுங்க. ரெண்டும் இல்லன்னா மூணு தேதியும் கெடையாது." வைத்துவிட்டார்.

எப்படி வசமாக மாட்டிக்கொண்டாள் பாருங்கள். பெங்களூர் ஆளைக் கூப்பிட்டால் பஞ்சாட்சரம் போய்விடுவார். அவர் போனால் கூட இருக்கிற மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பின்னாடியே போவார்கள். ஊதுகிற ஆள் இல்லாமல் ஹைடனும் இல்லை, ஜாப்ளினும் இல்லை. கூப்பிடாவிட்டால் ஹால் இல்லை. முப்பத்தோரு பேரின் ஒரு வருஷமும் இப்போது ஒரே ஓர் இடத்தில், கிளாரினெட் நிற்கிற அந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிட அவளைக் குடைந்தது அன்றைக்குப் பஞ்சாட்சரம் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம்.

சனிக்கிழமை ஷிப்டு விட்டதும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற டீக்கடையில் பஞ்சாட்சரத்தைப் பிடித்தாள். எதிர்ப் பக்கம் கல்யாண வீட்டுக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார். சரிகை வைத்த சிவப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"அண்ணா, எதுக்கு அங்க நிக்கிறீங்க? மறைக்காம சொல்லுங்க."

அவர் டீயை இரண்டு வாய் குடித்தார். "அங்கதானம்மா மூடுவாங்க."

"எத?"

"பெட்டிய. நாம வாசிக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் எழுந்துடுவாங்க. கடைசியா முகம் பாப்பாங்க. அந்த இடம் வரும்போது வீட்டுப் பெரியவரு இல்லன்னா சர்ச் பெரியவரு கையத் தூக்குவாரு. தூக்குனா நிப்பாட்டணும். மூடி விழும். அதுக்கு மேல பாட்டு கெடையாது. எங்கப்பாவும் அதுக்கு மேல வாசிச்சதில்ல."

"இங்கதான் பெட்டி இல்லையேண்ணா."

"கேளு மா. எனக்கு இருபது வயசு இருக்கும். பேரணாம்பட்டு பக்கம் ஒரு வீடு. கூட்டம் ஜாஸ்தி. கை தூக்கினது எனக்குத் தெரியல. அதுக்கு மேல நாலு சுரம் போய்ட்டேன். ஒருத்தர் ஓடியாந்து வாயிலிருந்தே கிளாரினெட்டப் புடுங்கிட்டாரு. 'நிப்பாட்டாம போறியே, இந்த வீட்டுல இன்னொண்ணு விழணுமாடா'ன்னு கத்தினாரு. பதினெட்டாவது நாள் அந்த வீட்டு மருமகன் போய்ட்டான். சின்ன வயசு. லாரி."

"லாரிக்கும் உங்க நாலு சுரத்துக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். விரலுக்குத் தெரியல."

அப்போதுதான் அவள் இருதயராஜ் சார் சொன்னதைச் சொன்னாள். பெங்களூர் ஆளையும் சொன்னாள். பஞ்சாட்சரம் மடியிலிருந்த கோட்டை எடுத்து மடித்தார்.

"போன வருஷம் அவர் சம்சாரத்துக்கு நான்தான் வாசிச்சேன்" என்றார் பிறகு. "யாரையும் விடல, அவரே கையத் தூக்கினாரு. கை நடுங்கவே இல்ல. அப்படி ஒரு மனுஷன். அவர் முன்னாடி அத தாண்டி வாசிக்கச் சொல்றியா? நாளைக்கு ஒரு வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்? பெங்களூர்காரரயே கூப்புட்டுக்க மா. எனக்கு வருத்தம் இல்ல."

வருத்தம் இல்லையாம்! முகம் அப்படிச் சொல்லவில்லை. ஜாஸ்மினுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று அவளுக்கே தெரியாது. சிவப்புக் கோட்டு மேல், ஹால் மேல், செத்துப்போன யாரோ ஒரு மருமகன் மேல். கோபத்தில் வாய் போன போக்கில் போய்விட்டது.

"எந்த வீட்டுலயும் விழ வேணாம். விழுந்தா என் வீட்டுல விழட்டும். அந்தப் பழிய நான் ஏத்துக்கிறேன். நீங்க வாசிங்க."

பஞ்சாட்சரம் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படி சொல்லாத மா. வாயக் கழுவு."

"சொல்லிட்டேன். நாளைக்குப் பத்தரைக்கு ஹால் வாசல்ல இருங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கின பிறகுதான் உறைத்தது. அவள் புருஷன் இளம்பரிதி ஓட்டுவது லாரி.

கம்பெனி சரக்கை ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமையே சென்னை துறைமுகத்துக்குப் போயிருந்தான். ஞாயிறு காலையில் திரும்ப வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் போட்டாள், ஸ்விட்ச் ஆஃப். எட்டரைக்கும் அதேதான். மகள் நிஷா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அப்பா சார்ஜ் போட மறந்திருக்கும்மா, எப்பவும் நடக்குறதுதான்" என்றாள். எப்பவும் நடக்கிறதுதான். ஜாஸ்மின் இதையெல்லாம் நம்புகிறவளும் இல்லை. மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கினவள். ஆனாலும் இட்லிப் பாத்திரத்தைக் கழுவும்போது, ஏன்டி அப்படிச் சொன்னாய், உன் நாக்கில் என்ன கொள்ளிக்கட்டையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பயமாக இருந்தது. அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே பயமாக இருந்தது.

பத்தரைக்கு ஹாலுக்கு வந்தால், பஞ்சாட்சரம் இரும்புக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் கிளாரினெட் பெட்டி. மற்ற மூன்று பேரும் அவர் பக்கத்தில்.

"உள்ள வர வேண்டியதுதானேண்ணா?"

"இத்தினி வருஷமா இங்கதான்மா நிப்போம். இந்த ஹால் கல்யாணத்துக்கு நூறு வாட்டி வாசிச்சிருக்கேன். கேட்டுக்கு அந்தாண்ட போனதில்ல." சொன்னதில் குறை இல்லை, வழி சொல்கிற மாதிரி சொன்னார். ஜாஸ்மின் அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கருவி போன பிறகு அவர் வெளியே என்ன செய்வார்? பின்னாலேயே வந்தார்.

மேடையில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டார்கள். ஜாஸ்மின் மறுபடி போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். போனை அதிர்வில் வைத்துக் கைப்பைக்குள் போட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பக்கத்தில் செல்லோவுக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்த ஆஃப்ரீன், "இன்னா அக்கா, முகமே சரியில்ல?" என்றாள். "பேஜாரா இருக்கு, ஒண்ணும் கேக்காத" என்றாள் இவள்.

பதினோரு மணிக்கு இருதயராஜ் சாரும் கமிட்டியில் இன்னும் இரண்டு பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெஞ்சுப் பையில் பேனா, மடியில் மூன்று தேதி எழுதின தாள். பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் பத்திருபது பேர் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கதவோரம் வந்து நின்றார்கள். பஞ்சாட்சரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் நோட்டில் அந்த இடத்தைச் சுற்றி ஜோசுவா சார் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, 'என்னைப் பார்' என்று எழுதியிருந்தார்.

ஜோசுவா சாரின் குச்சி உயர்ந்தது. டிரம்பெட்டுகள் மெதுவாக வாசலைத் திறந்தன. வயலின்கள் அடியில் பாய் விரித்தன. கிளாரினெட் ஆரம்பித்தது.

முதல் வரி முடிவதற்குள் இருதயராஜ் சார் எழுந்து நின்றுவிட்டார். யோசித்து எழுந்த மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். கதவோரம் இருந்த பெண்கள் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். ஜாஸ்மினுக்குப் பக்கத்து நாற்காலி நர்ஸம்மா வயலினோடு பாதி எழுந்து, சுதாரித்து உட்கார்ந்தார். "எதுக்குக்கா எல்லாரும் எழுந்துக்கிறாங்க?" என்று ஆஃப்ரீன் வில்லை நிறுத்தாமலே கிசுகிசுத்தாள். ஜாஸ்மினுக்கு போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது. கச்சேரிக்கு வந்த சனம் முழுக்க இப்படி எழுந்து தலை குனிந்து நின்றால் எந்தக் கமிட்டி ஹால் கொடுக்கும்?

மெட்டு ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது. பஞ்சாட்சரத்தின் கண் நோட்டில் இருந்தது. வட்டம் போட்ட இடம் நெருங்க நெருங்க அவர் தோள் இறுகியதை ஜாஸ்மின் பார்த்தாள். ஜோசுவா சாரும் பார்த்தார், உடம்பையே அவர் பக்கம் திருப்பிக் குச்சியைக் காட்டினார். பாருங்க, என்னைப் பாருங்க. பஞ்சாட்சரம் நிமிர்ந்தார். ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம், கண் குச்சிக்குப் போகவில்லை. குச்சியைத் தாண்டி, எதிரே நிற்கிற பெரியவரிடம் போனது.

இருதயராஜ் சாரின் வலது கை மேலே எழும்பியது.

சத்தியமாக அவர் வேண்டுமென்று தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எத்தனையோ வீட்டில் எழும்பின கை, அந்த இடம் வந்ததும் தானாக எழும்பியது. கிளாரினெட் நின்றது.

ஜோசுவா சார் இடது கையை விரித்து வயலின்களை விடாமல் பிடித்து வைத்தார். நிறுத்தாதே, நிறுத்தாதே. வில் முழுக்க ஓடி முடிந்து, திருப்பி இழுத்து, மறுபடி ஓடியது. ஜாஸ்மின் கையில் நரம்பு புடைத்தது. மூடி விழுகிற சத்தத்துக்காக ஹாலே காத்திருந்தது. எந்த மூடியும் விழவில்லை. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். அந்த நேரம் பார்த்து நாற்காலிக்கு அடியில் கைப்பை அதிர்ந்தது. யார்? அவனா? வேறு யாராவது அவன் போனிலிருந்து பேசுகிறார்களா? குனியக்கூட முடியாது. வில்லை விட்டால் எல்லாம் விட்டது.

பஞ்சாட்சரம் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். ஜாஸ்மினை ஒரு பார்வை பார்த்தார். உன் வீட்டில் விழட்டும் என்றாயே, இன்னும் அதே பேச்சுதானா என்று கேட்கிற பார்வை. கடவுளே என்று அவள் உள்ளுக்குள் அலறினாள். தலை மட்டும் ஆமாம் என்று ஆடியது.

"சார்" என்றார் பஞ்சாட்சரம்.

இருதயராஜ் சார் கண்ணைத் திறந்தார்.

"கைய எறக்குங்க சார்."

பேண்டுக்காரர் ஒருவர் அவரைப் பார்த்து இப்படிச் சொல்வார் என்று அந்த ஹாலில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கமிட்டிக்காரர்களில் ஒருவர், "ஏய், இன்னா பேசுற?" என்று ஓரடி முன்னால் வைத்தார்.

"இங்க பெட்டி இல்ல சார். மேல பாட்டு இருக்குது. நீங்க கைய எறக்கினாத்தான் எனக்கு வாசிக்க வரும்."

இருதயராஜ் சார் தன் கையை அப்போதுதான் பார்த்தார். யாருடையதோ மாதிரி பார்த்தார். "மேல இருக்குதா?" என்றார். குரல் மேனேஜர் குரலாக இல்லை.

"இருக்குது சார்."

கை மெதுவாக இறங்கியது. பாதியில் கொஞ்சம் நின்று, பிறகு முழுசாக இறங்கியது. பஞ்சாட்சரம் ஒரு மூச்சு இழுத்தார். நின்ற இடத்திலிருந்து கிளாரினெட் மேலே ஏறியது.

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதைக் கதவோரம் நின்ற யாரும் காதால் கேட்டதில்லை. மெட்டு தயங்கித் தயங்கி ஒரு படி ஏறி, அங்கே இருந்து கீழே எட்டிப் பார்த்து, பயமில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போனது. முதலில் பஞ்சாட்சரத்தின் சுரம் நடுங்கியது. நான்காவது சுரத்தைத் தாண்டியதும் நடுக்கம் விட்டது. ஜாஸ்மினுக்குக் கண்ணீர் கொட்டித் தாடைக்கு அடியில் வயலின் வழுக்கியது. சந்தோஷமா, பயமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியாது. இத்தனை வருஷமும் இதைப் பாதியில் வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறோமே என்றுதான் தாங்கவில்லை. கதவோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையில் இருந்த தலைப்பை இறக்கினார்கள். இருதயராஜ் சார் எப்போது உட்கார்ந்தார் என்று அவள் கவனிக்கவில்லை.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜாஸ்மின் குனிந்து கைப்பையைப் பிரித்தாள். இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாவது முறை திறந்தாள். இளம்பரிதிதான். 'சார்ஜ் போட மறந்துட்டேன். ராணிப்பேட்டை தாண்டிட்டேன். கறி எடுத்தியா?' எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற கறியெல்லாம் எடுத்து வைக்கிறேன் ராசா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இருதயராஜ் சார் எழுந்து மேடைக்குக் கிட்டே வந்தார். நேராகப் பஞ்சாட்சரத்திடம் வந்து நின்றார்.

"என் சம்சாரத்துக்குப் பாதிதான் வாசிச்சீங்க" என்றார். புகார் மாதிரிதான் சொன்னார்.

"நீங்க கையத் தூக்கினீங்க சார்."

"ஆமா" என்றார் அவர். "தூக்கினேன். மீதி இருக்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டுக்கு வெளிய நின்னு எப்படி சார் சொல்றது?"

இருதயராஜ் சார் பேனாவை எடுத்தார். தாளை மேடை ஓரத்தில் வைத்து ஆகஸ்டுக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று மூன்று கையெழுத்துப் போட்டார். பெங்களூர் என்ற பேச்சே எடுக்கவில்லை. தாளை ஜாஸ்மினிடம் நீட்டும்போது, "இவர் முழுப் பேரு இன்னா?" என்று கேட்டார்.

"பஞ்சாட்சரம் சார்."

"நோட்டீஸ்ல பேரத் தப்பில்லாம போடு." திரும்பி நடந்தவர் நின்றார். "ஜோசுவா, இன்னொரு வாட்டி வாசிப்பீங்களா? முதல்ல இருந்து."

ஜோசுவா சார் குச்சியை எடுத்தார். பஞ்சாட்சரம் கிளாரினெட்டின் நாணல் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு நிமிர்ந்தார். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. இருதயராஜ் சார் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சரி செய்தார். பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.